மூன்று மூட்டைக்கு ஒரு ஆள்

திருவொற்றியூரில் அக்கா வீட்டு வாசற்கதவுக்கு ஒரு மணல் மூட்டை முட்டுக் கொடுத்திருந்தது. பச்சைக் கித்தான் பை. தலையணையில் பாதி இருக்கும். கிழிந்த பக்கத்தைக் கோணி ஊசியால் மாமாவே தைத்திருந்தார். நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி போகும்போதெல்லாம் அந்த வீடு ஒரு குலுங்கு குலுங்கும், கதவு படாரென்று சாத்திக்கொள்ளும். அதற்காகவே அந்த மூட்டையை, தான் வேலை செய்த ஊரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். பையின் மேல் கம்பெனியின் எண் கறுப்பு மையில் பதிந்திருந்தது. அதை அழிக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. குப்பையில் போட்டதை எடுத்துவந்தவருக்கு ஒளிக்க என்ன இருக்கிறது?

மாமா என்றால் அக்காவின் கணவர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். எல்லாமே கண்டெய்னருக்குள் போய்விட்ட பிறகு வாரத்தில் பாதி நாள் சும்மா இருந்தார். பழைய மேஸ்திரி ஒருவர் சொல்லி, தெற்கே ஒரு சின்ன ஊர் விமானநிலையத்தில், விமானம் ஓட்டப் பழக்கும் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். நாலு பேர் உட்காரக்கூடிய குட்டி விமானங்கள். அவற்றைக் கழுவுவதும், கொட்டகையிலிருந்து வெளியே தள்ளிக்கொண்டு வருவதும் அவர் வேலை. மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வருவார். "பிளேனுன்னா நீ இன்னாவோன்னு நெனச்சிகினு கீற மச்சான். நம்ம ஷேர் ஆட்டோவுக்கு ரெக்க வெச்ச மாரி கீது, அவ்ளோதான்" என்பார்.

இன்ஜினைப் பழுதுபார்த்த பிறகு விமானி மட்டும் ஏறி ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார். முன்னால் ஒருவர் மட்டும் இருந்தால் மூக்குப் பக்கம் பாரம் இழுக்கும் என்று, பின் சீட்டில் மணல் மூட்டைகளை வைத்துக் கட்டுவது அங்கே வழக்கம். அந்த மூட்டைகளை எலி கடித்தது. விமானத்துக்குள் மணல் சிந்தக் கூடாது என்பதால் கிழிந்தவற்றைத் தூக்கிப் போடச் சொன்னார்கள். அப்படித் தூக்கிப் போட்டதில் ஒன்றுதான் எங்கள் கதவுக்கு வந்தது. புது மூட்டை வாங்கவில்லை. மாமாவை எடைமேடையில் நிறுத்திப் பார்த்தார்கள். மூன்று மூட்டைக்குச் சரியாக இருந்தார். மூட்டை என்றால் ஏற்றவும் இறக்கவும் ஆள் வேண்டும். மாமா தானே ஏறுவார், தானே இறங்குவார்.

முதல் முறை பறந்துவிட்டு வந்து போன் செய்தார். "இத்தினி வருசம் நா மூட்ட தூக்குனேன். இப்போ மூட்டைய பிளேன் தூக்குது மச்சான்" என்று சொல்லிச் சிரித்தார். கடல் தெரிந்ததா என்று கேட்டேன். "எங்க? நடுவுல குந்து, ஜன்னல் பக்கம் சாயாத, அசையாதன்னு சொல்ட்டாங்கோ" என்றார். அதற்கும் சிரித்தோம். அக்கா குழாயடியில் பெருமையாகச் சொல்லப்போக, அங்கிருந்த பெண்கள், அப்படியே வரும்போது மொட்டை மாடியில் ரேஷன் அரிசியை இறக்கிவிட்டுப் போகச் சொல் என்று ஓட்டினார்கள். அதன் பிறகும் சில முறை போனார். ஒவ்வொரு முறையும் அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துத்தான் கொண்டுபோனார்கள்.

கடைசி முறை, மேலே கிளம்பிய சற்று நேரத்தில் இன்ஜின் நின்றுவிட்டது. ஓடுபாதை முடிகிற இடத்துச் சுற்றுச்சுவருக்கு அப்பால் விழுந்து எரிந்தது. இரண்டு பேருமே பிழைக்கவில்லை. டிவியில் விமானியின் படத்தையும் பெயரையும் காட்டினார்கள். பாவம், அவருக்கும் என் வயதுதான் இருக்கும். கீழே ஓடிய வரியில் 'மேலும் ஒருவர்' என்று இருந்தது. அந்த மேலும் ஒருவருக்கு ஒரு பெயர் வரும் என்று ராத்திரி வரைக்கும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

காரியம் முடிந்த பிறகு கம்பெனியிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். வாசலோரம் நாற்காலி போட்டோம். ரொம்ப மரியாதையாகத்தான் பேசினார். பறந்து பார்க்க ஆசைப்பட்டு மாமா யாரிடமும் கேட்காமல் ஏறிவிட்டார், விசாரணையில் கேட்டால் அவருக்கு அந்த ஆசை இருந்தது என்று மட்டும் சொன்னால் போதும், கம்பெனி உங்களைக் கைவிடாது என்றார். என் பக்கம் திரும்பி, "நீங்க படிச்சவர் தம்பி. அக்காவுக்கு எடுத்துச் சொல்லுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா கேட்டாள்: "ஆசப்பட்டு ஏறுனவரு ஜன்னலாண்ட குந்தாம நடுவுல இன்னாத்துக்கு சார் குந்தனாரு?"

அவர் பார்வையைக் கதவுப் பக்கம் திருப்பியபோது மூட்டை கண்ணில் பட்டது. குனிந்து எண்ணைப் படித்தார். "இது எங்க பொருளாச்சே. இது எப்படி இங்க?" என்றார். குரலில் இருந்த மரியாதை அந்த இடத்தில் முடிந்துவிட்டது. மூட்டை இல்லாமல்தான் ஆளை உட்காரவைத்தார்கள் என்பதற்கு எங்கள் கையில் இருந்த ஒரே சாட்சி அதுதான். அதைக் காட்டினால் மாமா திருடன். காட்டாவிட்டால் கள்ளத்தனமாக ஏறியவர். இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்று அந்த மனிதர் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

அக்கா எழுந்து மூட்டையைத் தூக்கிவந்து அவர் காலடியில் வைத்தாள். முட்டுப் போனதும் கதவு ஆடத் தொடங்கியது. "எட்த்துகினு போ சார். இத்த கொண்டுபோயி அந்த சீட்டுல வெச்சிட்டு, எங்காள திருப்பி அனுப்பு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அவர் மூட்டையைத் தாண்டிக் காலை வைத்துப் படியிறங்கிப் போனார்.

அதன் பிறகு விசாரணையில் நடந்ததையெல்லாம் நடந்தபடியே சொன்னோம். போனில் கேட்டதும் வீட்டில் கிடக்கும் கிழிந்த மூட்டையும் சாட்சியாகாது என்றார்கள். மாமாவோடு வேலை செய்தவர்கள் வாயைத் திறக்கவில்லை. முடிவு ஆங்கிலத்தில் வந்தது. எங்கள் குடும்பத்தில் ஆங்கிலம் படித்த முதல் ஆள் நான். என் படிப்புக்கு ஒரு வருஷம் பீஸ் கட்டியவரே மாமாதான். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு, அவர் 'அனுமதியின்றி ஏறிய நபர்' என்று அக்காவுக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவள் இரண்டாம் முறை சொல்லச் சொல்லவில்லை.

இப்போதும் அவள் அதே வீட்டில்தான் இருக்கிறாள். மூட்டை, அன்று வைத்த இடத்திலிருந்து நகரவில்லை. கூட்டும்போது அதைச் சுற்றிக் கூட்டுகிறாள். போன வாரம் போயிருந்தபோது, மறுபடி கதவுக்கே வைத்துவிடலாம் என்று அதைத் தூக்கினேன். கை இழுத்தது. கம்பெனிக் கணக்குப்படி பார்த்தால் நான் தூக்கியது மாமாவில் மூன்றில் ஒரு பங்கு.

"அங்கியே வெச்சிட்றா" என்றாள் அக்கா. வைத்தேன். வெளியே ஒரு லாரி போனது. கதவு படாரென்று அடித்தது. பக்கத்து வீட்டிலிருந்து, அந்தக் கதவுக்கு ஏதாவது வைக்கக் கூடாதா என்று யாரோ கத்தினார்கள்.

"அடிக்கட்டும்" என்றாள்.