வெள்ளைப் பூவை நம்பாதவர்

என் அக்கா ராசாத்தாளின் வீட்டுக்காரர் காளிச்சாமிக்கு வயது ஐம்பத்து நான்கு. காங்கேயத்துக்குப் பக்கத்தில் ஒரு தேங்காய்க் களத்தில் வேலை. உடைத்த தேங்காயைக் காயப்போட வேண்டும், புரட்ட வேண்டும், வானம் கறுத்தால் ஓடிப்போய்த் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. மனிதரிடம்தான் ஒரு குறை. தன்னை ஓர் ஆளாகவே மதிக்க மாட்டார்.

கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியில்தான் உட்காருவார். குடும்பப் போட்டோவில் ஓரத்தில் பாதித் தோள் தெரிந்தால் அது அவர். தீபாவளிக்கு அக்கா எடுத்துக் கொடுக்கிற சட்டையெல்லாம் மடிப்புக் கலையாமல் பீரோவில் தூங்கும். கேட்டால், "நமக்கெதுக்கு மாப்ள புதுசு?" என்பார். நான் அவிநாசியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்க ஊரிலிருக்கிற அவசரக்காரர்களையெல்லாம் பொறுத்துக்கொள்பவன். இந்த மச்சானை மட்டும் பொறுக்க முடிவதில்லை.

காரணம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவர்களுடைய குலதெய்வம் செல்லாண்டியம்மன். கோயில் திருவிழாவை நாங்கள் நோம்பி என்போம். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்தக் கோயில் நோம்பிக்குக் கொடுமுடியிலிருந்து காவேரித் தீர்த்தம் எடுத்து வருகிற முறை மச்சானுக்கு வந்தது. கையில் காப்புக் கட்டிவிட்டால் நோம்பி முடிகிறவரை கறியும் கூடாது, குடியும் கூடாது. மச்சானுக்கு அந்தக் காலத்தில் பொழுது சாய்ந்தால் ஊற்றிக்கொள்ளாமல் முடியாது. எட்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டார். ஒன்பதாம் நாள் குடத்தோடு நடந்து வரும்போது, ஊருக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில், கூட வந்தவர் கையில் குடத்தைக் கொடுத்துவிட்டு ஒரு சந்துக்குள் போய்த் திரும்பினார். கோயில் வாசலில், மேளம் உச்சத்தில் இருக்கும்போது, கால் பின்னி விழுந்தார். தீர்த்தம் முழுவதையும் மண் குடித்துவிட்டது.

பங்காளிகள் வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினார்கள். மறுவருஷம் மறந்தும் போனார்கள். அதற்குள் ஊருக்குப் பேச வேறு சங்கதி கிடைத்திருந்தது.

மச்சான்தான் மறக்கவில்லை. அன்றைக்கு விட்ட குடியை மறுபடி தொடவில்லை. கோயில் வாசலையும் தாண்டவில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் போவார். வெளியே கூட்டுவார், வேப்பமரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார், வருஷத்துக்கு ஒருமுறை கேட்டுக்குப் பெயின்ட் அடிப்பார். பிறகு விளக்குத்தூண் பக்கத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பார். பூசாரி தம்பிதுரை, "உள்ள வாங்க காளிச்சாமி" என்று கூப்பிட்டால், "இருக்கட்டுமுங்க, நமக்கு இதே அதிகமுங்க" என்பார்.

எங்கள் பக்கத்தில் பூக்கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைப் பூ ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூ ஒரு பொட்டலத்திலும் கட்டி, சாமி முன்னால் வைத்து, மனதில் இருப்பதைக் கேட்டுவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிக்க வேண்டும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. கிணறு வெட்டக் கேட்பார்கள், பெண் எடுக்கக் கேட்பார்கள். தன்னையே வைத்துப் பூக்கேட்ட ஆள் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். வருஷா வருஷம் நோம்பிக்கு முதல் நாள் சாயங்காலம் விளக்குத்தூண் அருகில் நின்றுகொண்டு, "நான் உள்ளே வரலாமா?" என்று கேட்பார். உள்ளே சாமி காலடியில் வைத்த பொட்டலங்களைப் பூசாரி தட்டில் ஏந்தி வெளியே கொண்டுவருவார். அக்கா ஒன்றை எடுப்பாள்.

எட்டு முறை கேட்டதில் ஐந்து முறை வெள்ளை வந்தது. அப்போதெல்லாம், "தம்பிதுரை நம்ம மேல எரக்கப்பட்டு ரெண்டுலயும் வெள்ளையவே கட்டிப்போட்டாரு" என்று சொல்லிவிடுவார். இன்னொரு பொட்டலத்தையும் பிரித்துச் சிவப்பைக் காட்டினால், "உங்கொக்கா தடவிப் பாத்து எடுத்திருப்பா" என்பார். மூன்று முறை சிவப்பு வந்தது. அதற்கு ஒரு கேள்வி கிடையாது. தலையைக் குனிந்து, "ஆத்தா சொல்லிப்போட்டா" என்று திரும்பி நடப்பார். வெள்ளை வந்தால் பூசாரி வேலை, சிவப்பு வந்தால் அம்மன் வாக்கு! இந்த மனிதருக்கு அந்த அம்மன் இன்னும் எந்த நிறத்தில்தான் பூக் கொடுப்பாள்?

ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். "ஏனுங் மச்சான், வையறப்ப மட்டுந்தான் ஆத்தா பேசறாளுங்களா?"

"உனக்குத் தெரியாது மாப்ள. நான் செஞ்ச வேலைக்கு வெள்ளை எப்படி வரும்?"

இந்த வருஷமும் நோம்பிக்கு முதல் நாள் கடையைப் பூட்டிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். காலை பதினொரு மணி இருக்கும், நித்யஸ்ரீயிடமிருந்து போன் வந்தது. அக்காவுக்கு ஒரே மகள் அவள். பீளமேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஹாஸ்டல் வாசம்.

"மாமா, காங்கேயம் பஸ் ஸ்டேண்டுல இருக்கறனுங்க."

"நோம்பிக்கு வந்துட்டயா? டவுன் பஸ் ஏறி வா அம்மணி."

அந்தப் பக்கம் அழுகைச் சத்தம். விஷயம் துண்டு துண்டாகத்தான் வந்தது. வேலை போய் நாலு மாசம் ஆகிவிட்டது. வீட்டில் சொல்லவில்லை. தினமும் ராத்திரி அப்பாவிடம் ஆபீஸ் கதை சொல்லியிருக்கிறாள், எல்லாம் பொய். வேறு வேலையும் கிடைக்காமல் ஹாஸ்டலைக் காலி செய்துகொண்டு பெட்டிகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள்.

"ஒம்போது மணிக்கே வந்துட்டனுங் மாமா. ரெண்டு பஸ்ஸ விட்டுட்டேன். அப்பா என்னைய ஊட்டுக்குள்ள சேத்திக்குவாரான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

அப்பனுக்குத் தப்பாத மகள்! நான் போனை வைத்துவிட்டு மச்சானிடம் போனேன். அவர் கோயிலுக்கு எடுத்துப்போகக் குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். வேலை போனதற்கும் அவர் முகம் மாறவில்லை, பொய் சொன்னதற்கும் மாறவில்லை.

"என்ன கேக்கச் சொன்னா?"

"ஊட்டுக்கு வரலாமான்னுங் மச்சான்."

இருபத்தாறு வருஷமாக அவரைத் தெரியும். அவர் கோபப்பட்டு அன்றைக்குத்தான் பார்த்தேன். குடம் உருண்டு போய்ச் சுவரில் முட்டியது.

"என்ற புள்ள என்ற ஊட்டுக்கு வாரதுக்கு உத்தரவு கேக்கறாளா? அதுக்கு நடுவுல நீயொரு ஆளு தூது வாரயா? வேலை போனா போகுது. பொய் சொன்னாச் சொல்லீட்டுப் போறா. அதுக்காவ அவ என்ற புள்ள இல்லீன்னு ஆயிருமா? ரெண்டு மணி நேரம் அங்க உக்காந்து…"

சட்டையைத் தேடியவர் பீரோவைத் திறந்து கைக்கு வந்ததை மாட்டினார். தீபாவளிச் சட்டை. அது புதிது என்று அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. மொபட்டை எடுத்துக்கொண்டு பறந்துவிட்டார். பெட்டிகளுக்கு ஆள் வேண்டுமே என்று நானும் என் வண்டியில் பின்னால் போனேன்.

அவரைப் பார்த்ததும் நித்யஸ்ரீ எழுந்து நின்றாள். "நாலு மாசமா உங்ககிட்டப் பொய் சொல்லிப்போட்டனுங்கப்பா."

"சாப்ட்டயா கண்ணு?"

"இல்லீங்ப்பா."

பஸ் ஸ்டேண்டை ஒட்டி இருந்த ஓட்டலுக்குக் கூட்டிப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். எதிரில் உட்கார்ந்து அவள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் முடிக்கும்போது, "இனி அப்படிக் கேக்காத கண்ணு. எனக்கு நோவுது" என்றார். சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். முன்னாலிருந்த டீ ஆறி ஆடை கட்டியது. மகளுடைய வேலையைப் பற்றித்தான் யோசிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். தம்பிதுரை வழக்கம்போலத் தட்டில் இரண்டு பொட்டலங்களோடு விளக்குத்தூண் பக்கம் வந்தார். அக்கா கையை நீட்டினாள்.

"பூ வேண்டாமுங்க" என்றார் மச்சான்.

பூசாரிக்குப் புரியவில்லை. "வருசா வருசம் கேக்கறதாச்சுங்களே?"

"காத்தால என்ற புள்ள, ஊட்டுக்கு வரலாமான்னு ஆள் விட்டுக் கேட்டாளுங்க. ஒருக்காக் கேட்டதே எனக்குத் தாங்கலீங்க." உள்ளே எட்டிப் பார்த்தார். "நான் ஒம்போது வருசமா இங்க நின்னு கேட்டுட்டு இருக்கறனுங்க. ஆத்தாளுக்கு எத்தன நோவு இருந்திருக்கும்?"

தம்பிதுரை தட்டோடு வழி விட்டு நின்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, சொல்வதற்கு என்ன வெட்கம். மச்சான் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு, மகள் கையைப் பிடித்தபடி வாசலைத் தாண்டினார். இரண்டு பொட்டலங்களும் தட்டில் அப்படியே இருந்தன. பிரித்துப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. அக்கா என் கையில் ஓர் அடி வைத்தாள்.

உள்ளே போய் மன்னிப்புக் கேட்பார், விழுந்து அழுவார் என்றெல்லாம் நான் எதிர்பார்த்தேன். அவர் எதையும் கேட்கவில்லை.

"வந்துட்டேன் ஆத்தா" என்றார்.

மறுநாள் முதல் பந்தியில், மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு தரம் பாயசம் கேட்டு வாங்கினார்.