புரட்டாசி ஈரல்

எங்கள் நாய் முன்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்தது. சுளுக்கு என்று நினைத்து விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். வானகரத்து நாய் டாக்டர்தான் படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் புற்றுநோய் என்றார். "எலும்புல வந்திருக்கு. வயசான நாய், ஆபரேஷன் தாங்காது. வலி தெரியாம பாத்துக்கறதுதான் வைத்தியம். காலையில ஒண்ணு, சாயந்திரம் ஒண்ணு, சாப்பாட்டோட மாத்திரை குடுங்க."

சாப்பாட்டோடு கொடுப்பதாம்! அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இட்லிக்குள் வைத்தேன். இட்லி உள்ளே போனது, மாத்திரை துடைத்த மாதிரி தரைக்கு வந்தது. மனிதர்களுக்கே வாங்காத பன்னீரை வாங்கி அதற்குள் வைத்தேன். அதற்கும் அதே கதிதான். ஆத்திரத்தில் வாயைப் பிளந்து தொண்டைக்குள் போட்டேன். விழுங்கிவிட்டது. அன்றோடு நான் அதற்கு எதிரி. நான் வைத்தால் தண்ணீரைக்கூட என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் குடிக்கும்.

வழி கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர், அதுவும் தெரியாத்தனமாக. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டில் கோழி ஈரலைக் கடித்தவர் மீதியை நாயிடம் நீட்டினார். லபக். அடுத்த துண்டையும் அதன் கண் முன்னாலேயே பாதி கடித்து, மீதிக்குள் மாத்திரையைச் செருகி நீட்டினார். அதுவும் லபக்! அவர் கடித்ததில் சூது இருக்காது என்று அதற்கு ஒரு நம்பிக்கை. அதற்கப்புறம் இரண்டு வேளையும் உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த ஈரல்தான். ஒரே வாரத்தில் நாய் தெருமுனை வரை நடந்துபோய் எதிர்வீட்டுப் பூனையைப் பார்த்துக் குரைத்துவிட்டு வந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

வந்தது பாருங்கள் புரட்டாசி.

வீட்டுக்காரர் சென்னீர்குப்பத்துப் பழைய விவசாயக் குடும்பம். நிலமெல்லாம் போய், கம்பெனி வேலைக்கு வந்தாலும் புரட்டாசி மட்டும் போகவில்லை. மற்ற மாதமெல்லாம் கோழி எலும்பு அவர் வாயில் மாவாகும். புரட்டாசி பிறந்தால் மீன் சட்டி பரணுக்குப் போய்விடும். முட்டைக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டார்.

"நாய்க்குப் பின்பக்கமா வேகவெச்சிக்க. நான் வாயில வெக்க மாட்டேன்" என்றார்.

"நீ கடிச்சாதான்யா அது துன்னும்!"

"பெருமாள் இன்னா நெனப்பாரு?"

"மொதல்ல நாய் இன்னா நெனக்குதுன்னு பாரு!"

நானே கடித்துக் காட்டினேன். நாய் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அப்புறம் இவர் வெறும் வாயை மென்று காட்டினார், கன்னத்தையெல்லாம் உப்பவைத்து. நாய் எழுந்து வந்து அவர் வாயில் மூக்கை வைத்து மோந்து பார்த்தது. ஒன்றும் இல்லை. கள்ளக் கணக்குக் காட்டியவனைப் பார்ப்பதுபோல அவரை ஒரு பார்வை பார்த்தது. மாத்திரை கையிலேயே நின்றுவிட்டது.

மறுநாள் சனிக்கிழமை. இவர் நாமம் போட்டு, சொம்பு ஏந்தி, வீடு வீடாகக் கோவிந்தா சொல்லி அரிசி வாங்கப் போய்விட்டார். இங்கே நாய் படுக்க முடியாமல் நிற்கிறது, நிற்க முடியாமல் முனகுகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பெருமாள் மேலும் கோபம், இவர் மேலும் கோபம்.

திரும்பி வந்தவரின் குரல் கேட்டதும், அந்த நிலைமையிலும் மூன்று காலில் கேட்டுக்கு ஓடியது. பாதியில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே வாலை ஆட்டியது.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். "கொண்டாமே அத்த" என்றார்.

கொடுத்தேன். வானத்தைப் பார்த்து, "பெருமாளே, நீயே பாத்துகினு கீற, இது மருந்து" என்று சொல்லி ஈரலைக் கடித்தார். அந்த நேரம் பார்த்து, அரிசி போட மறந்த பக்கத்து வீட்டம்மா படியோடு கேட்டுக்கு வந்து நிற்கிறார். நெற்றியில் பட்டை நாமம், வாயில் ஈரல். அந்தம்மா அதிர்ச்சியில் "கோவிந்தா!" என்று அலறினார். இவரும் வாய் நிறைய ஈரலோடு, பழக்கதோஷத்தில், "கோவிந்தா!" என்றார். நாய் மாத்திரையை விழுங்கியது.

அதிலிருந்து இரண்டு வேளையும் ஈரல் கடிப்பார், வாய் கொப்பளிப்பார், தலைக்குக் குளிப்பார், புதுசாக நாமம் போடுவார். மாதம் முழுக்கச் சளி. தன் மெத்தையை நாய்க்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்துத் தும்முவார். நாய் குறட்டை விட்டுத் தூங்கும். புரட்டாசி முடியும் சமயம் அந்த மெத்தையிலேயே, ஒரு முனகல் இல்லாமல், தூக்கத்தில் போய்விட்டது.

தீபாவளிக்குக் கறி எடுத்தோம். விரதம் முடிந்துவிட்டது, தடை ஒன்றும் இல்லை. இலையில் ஈரல் வைத்தேன். ஏதோ பேசிக்கொண்டே பாதி கடித்தார். மீதியை, பார்க்காமலேயே, கீழே நீட்டினார்.

நீட்டிய கை அப்படியே நின்றது.