லேமினேஷன் பிரிக்கச் சிதம்பரம் வரை

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு முதுநகர் நிறுத்தத்தில் நின்றவர்கள் இரண்டு பேர்: நானும், என் அக்கா வீட்டுக்காரர் பாஸ்கர் மாமாவும். அப்பா வரவில்லை. மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பெட்டி தூக்குகிறவர்; படகு வருகிற நாளில் லீவு போட முடியாது என்றார். அது பாதிக் காரணம். மீதிப் பாதி என் கையிலிருந்த துணிக்கடைப் பைக்குள் இருந்தது. என்னுடைய பி.இ. பட்டச் சான்றிதழ்.

ஷார்ஜாவில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எனக்கு சைட் சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. சான்றிதழ் உண்மையானதுதான் என்று முதலில் பல்கலைக்கழகம் எழுதித் தர வேண்டும். பிறகு சென்னையில் ஒரு முத்திரை, தில்லியில் ஒன்று, தூதரகத்தில் ஒன்று. செம்மண்டலத்தில் இதற்கென்று ஆபீஸ் வைத்திருக்கும் ஒரு அம்மா, திங்கள்கிழமை சான்றிதழைத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“முத்திரை எல்லாம் பின்பக்கம் பேப்பர் மேல விழணும் தம்பி. பிளாஸ்டிக்க பிரிச்சி எடுத்துனு வாங்க. வெள்ளிக்கிழமை சர்டிபிகேட் கட்டு சென்னைக்குப் போவுது. உட்டா, கம்பெனி சொன்ன தேதிக்கு நீங்க போய்ச் சேர முடியாது.”

பிளாஸ்டிக் போட்டவர் அப்பா. சான்றிதழ் வீட்டுக்கு வந்த அன்றே எடுத்துக்கொண்டு போய், கடையில் இருந்ததிலேயே தடியான லேமினேஷனை இரண்டு பக்கமும் போட்டு வந்தார். ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, அக்காவின் கல்யாணப் பத்திரிகை என்று எங்கள் வீட்டில் முக்கியமான எதுவும் பிளாஸ்டிக் இல்லாமல் இருந்ததில்லை. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதை மட்டும் எப்படி விடுவார்?

7.10க்குப் பஸ் வந்தது. சிதம்பரம் நாற்பது கிலோமீட்டர். ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். கண்டக்டர் என் பையைப் பார்த்து, “காலேஜா?” என்றார்.

“காலேஜ் எல்லாம் முடிச்சிட்டாரு. முடிச்சாருன்றதுக்கு சாட்சி வாங்கப் போறோம்,” என்றார் மாமா.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர். நான்கு வருடம் தினமும் போன வழி. அப்போது பெரும்பாலும் நின்றுகொண்டே போவேன். இந்த முறை உட்கார இடம் கிடைத்தும், வெள்ளாற்றுப் பாலம் வருகிறவரை வெளியே என்ன இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

8.30க்குச் சிதம்பரம் பேருந்து நிலையம். பல்கலைக்கழகத்துக்கு ஆட்டோ அறுபது ரூபாய். பத்து மணிக்குக் கவுண்டர் திறந்தது. உண்மைத்தன்மைச் சான்றுக்கு எழுநூற்றைம்பது ரூபாய் சலான். ஜெராக்ஸ் பத்து ரூபாய். கவுண்டரில் இருந்த அம்மா பதிவெண்ணைச் சரிபார்த்துவிட்டு, மதியம் மூன்று மணிக்கு வரச் சொன்னார்.

“மேடம், இந்த லேமினேஷன்?”

“அத நாங்க தொட மாட்டோம். வாசல்ல கடை இருக்கு. கிழிஞ்சிடுச்சின்னா டூப்ளிகேட்டுக்கு எழுதிக் குடுங்க, ரெண்டு மாசம் ஆவும்.”

இரண்டு மாதத்தில் அந்த வேலைக்கு வேறு ஆள் வந்திருப்பான்.

வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடையில் நான்கு வருடம் நோட்ஸ் எடுத்திருக்கிறேன். ‘லேமினேஷன் போடப்படும்’ என்ற போர்டு எனக்குப் பழக்கம். அதற்குக் கீழே ‘பிரிக்கப்படும்’ என்று எழுதியிருந்ததை அன்றுதான் படித்தேன். கடைக்காரர் நானூறு கேட்டார்.

“இன்னாண்ணே, போட்டா இருபது, எடுத்தா நானூறா?” என்றார் மாமா.

“போடறப்ப மிஷின் வேல செய்யிது. எடுக்கறப்ப என் நெஞ்சு வேல செய்யிது.” முன்னூறுக்கு இறங்கினார். “அச்சடிச்சது நிக்கும். பேரு மாதிரி கம்ப்யூட்டர்ல அடிச்சது பிளாஸ்டிக்கோட ஒட்டினு வந்தாலும் வரும். வந்தா என்னக் கேக்கக் கூடாது.”

அப்பாவுக்குப் போன் போட்டேன். பின்னால் லாரி சத்தம்.

“கிழிஞ்சிடுமா?”

“தெரியலப்பா.”

“பத்திரமா இருக்கட்டும்னுதான் போட்டேன்.” யாரையோ பெட்டியை இறக்கச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்தார். “சரி, பிரிக்கச் சொல்லு.”

தலைமுடி உலர்த்தும் மெஷினால் சூடு காட்டிக் காட்டி, ஒரு மூலையிலிருந்து கடைக்காரர் இழுத்தார். பின்பக்கம் சுத்தமாக வந்தது. முன்பக்கம் மேல் பாதியில் தமிழ், கீழ்ப் பாதியில் ஆங்கிலம். தமிழில் என் பெயர் இருந்த இடத்தில் அவர் கை நின்றது. அதற்குள் பெயர் பிளாஸ்டிக்கோடு போய்விட்டது. தூக்கிப் பிடித்தால் பிளாஸ்டிக்கில் ‘ஜெயசீலன்’ கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறித் தெரிந்தது. அதன்பிறகு இன்னும் மெதுவாக இழுத்ததில் ஆங்கிலப் பெயரும் பதிவெண்ணும் கையெழுத்தும் அப்படியே நின்றன.

படம் எடுத்து செம்மண்டலத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பதில் வருவதற்குள் மாமா இரண்டு டீ குடித்துவிட்டார். ‘இங்கிலீஷ் இருந்தா போதும். எடுத்துட்டு வாங்க’ என்று வந்தது.

“அப்புறம் என்னா மச்சான்? ஷார்ஜாக்காரன் தமிழ்லயா படிக்கப் போறான்?” என்றார் மாமா.

அவர் சொன்னது சரிதான். சந்தோஷமாகத்தான் சாப்பிடப் போனோம். இரண்டு சாப்பாடு இருநூறு ரூபாய். மூன்று மணிக்குச் சான்று கைக்கு வந்தது. திரும்பவும் அறுபது ரூபாய் ஆட்டோ, முப்பத்தைந்து ரூபாய் பஸ். சிதம்பரத்துக்கு இனி எனக்கு வேலை இல்லை என்பது வண்டி கிளம்பிய பிறகுதான் உறைத்தது. நான்கு வருடம் அந்த ஊரில் நான் வாங்கிய ஒரே பொருள் அந்தக் காகிதம். அதையும் அன்றுதான் முதன்முறையாக வெறும் விரலால் தொட்டேன். நினைத்ததைவிட மெல்லிசு.

ஆறு மணிக்கு வீடு. அப்பா குளித்துவிட்டுக் காத்திருந்தார். கையைத் துண்டில் இரண்டு முறை துடைத்துவிட்டு வாங்கினார். பஸ் போர்டு படிப்பதுபோல் எழுத்துக் கூட்டித் தமிழ் படிப்பார், ஆங்கிலம் தெரியாது.

“உன் பேரு எங்கடா?”

கீழே ஆங்கிலத்தில் இருந்த இடத்தைக் காட்டினேன். அதன் மேல் விரலை வைத்துக்கொண்டு, “இதானா?” என்று அக்கா வீட்டுக்காரரைக் கேட்டார்.

“அதான் மாமா. இது இருந்தா போதுமாம்.”

அப்பா தலையாட்டினார். உள்ளே போய்ப் பணத்தோடு வந்தார். “மொத்தம் எவ்ளோ ஆச்சி மாப்ள?”

“அதெல்லாம் வேணாம் மாமா. வேணும்னா பிரிச்ச காசு முன்னூறு மட்டும் குடுங்க.”

“போட்டவன் நானு. போனது வந்ததுலேர்ந்து சொல்லு.”

மாமா விரல் விட்டுக் கூட்டிச் சொன்னார். ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய், அந்த இரண்டு டீயையும் சேர்த்து.