அனுமதி அணியில் நான்

எங்கள் தெருப் பொங்கல் விழாப் பட்டிமன்றத்துக்கு அந்த வருடம் வைத்த தலைப்பைக் கேட்டதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. போதைப்பொருளை ஒழிக்கச் சிறந்த வழி தடையா, அனுமதியா? ராஜபாளையத்தில் யாரைக் கேட்டாலும் தடை என்றுதான் சொல்வார்கள். அனுமதி அணிக்கு ஆளே கிடைக்கவில்லை. நானோ பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசராக இருபது வருடம் கத்திக் கத்தித் தொண்டையை வளர்த்தவன். மைக் கிடைத்தால் விடமாட்டேன். "அண்ணாச்சி, ஒங்களை விட்டா ஆளில்லை" என்று விழாக் கமிட்டிக்காரர்கள் ஏற்றிவிட்டார்கள். நானும் ஒத்துக்கொண்டேன்.

வீட்டில் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "ஒங்களுக்குக் கூறு இருக்கா? மகளுக்கு இப்பத்தான் பூ வச்சிட்டுப் போயிருக்காக. சம்மந்தி வீட்டையும் பொங்கலுக்குக் கூப்பிட்டிருக்கோம். அவிய முன்னாடி கஞ்சாவுக்கு வக்காலத்து வாங்கப் போறீகளா?"

"பட்டிமன்றம்னா அணி பிரிச்சுக் குடுக்கிறதுதாம்ட்டி. அது என் சொந்தக் கருத்தா?"

"அது ஒங்களுக்குத் தெரியும். கேக்குறவுகளுக்குத் தெரியுமா?"

கோபத்தில் சாப்பாட்டை விட்டு எழுந்துவிட்டேன். அவள் சொன்னது சரி என்பதால்தான் அம்புட்டுக் கோபம்.

விழா அன்று மாலை சம்மந்தியும் அவர் வீட்டம்மாவும் மாப்பிள்ளையும் வன்னியம்பட்டியிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர்; அதிகம் பேசமாட்டார். தடை அணிக்காரர்கள் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார்கள். என் முறை வந்தது. அரசாங்கமே கணக்காக விற்றால் கள்ளத்தனமாக விற்பவன் ஒழிவான், கலப்படம் குறையும் என்றேன். ஒரு கைதட்டல் இல்லை. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுதிவந்த தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துவிட்டுக் கத்தினேன்.

"காய்ச்சக்காரனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறோம். போதையில விழுந்தவனை மட்டும் ஏன் ஸ்டேஷனுக்கு இழுத்துட்டுப் போறோம்? கேசுக்குப் பயந்துதானே பெத்தவுக அவனை வீட்டுக்குள்ள மறைச்சு வைக்காக? அவன் நோயாளிய்யா! நம்ம வீட்டுப் பிள்ளைன்னா இப்படிப் பேசுவோமா?"

நடுவர் தடைதான் என்று தீர்ப்புச் சொன்னார். சம்மந்தி வீட்டார் சாப்பிடாமலேயே கிளம்பிவிட்டார்கள். "இப்பத் திருப்திதானே?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை சம்மந்தி மட்டும் பைக்கில் வந்தார். சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று முடிவுகட்டிவிட்டேன். கொடுத்த காபியை அவர் தொடவில்லை.

"சம்மந்தி, எம்மகன் காலேஜ் படிக்கையில கஞ்சாவுல விழுந்துட்டான். ரெண்டு வருசம். பொறவு மதுரையில வச்சு வைத்தியம் பாத்தோம். இப்ப மூணு வருசமாத் தொடுறதில்லை. ஒங்ககிட்ட மறைச்சிட்டோம்." பிறகு என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். "நேத்து நீங்க பேசுனது வெறும் வாயாலயா, மனசாலயா?"

மேடையில் அத்தனை முழங்கியவன், எழுந்து வெளியே போங்கள் என்று சொல்ல இருந்தேன். நாக்கை அடக்கிக்கொண்டு, "வாயாலதான்" என்றேன்.

"அதுவும் நியாயந்தான்" என்று அவர் எழுந்தார்.

உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மகள் வெளியே வந்தாள். "மாமா, செத்த நேரம் இருங்க. அவரை வரச் சொல்லுங்க, நான் பேசணும்."

மாப்பிள்ளை வந்தார். இருவரும் மொட்டை மாடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினார்கள். மகள் இறங்கி வந்து, "கல்யாண வேலையைப் பாருங்கப்பா. பயம் இருக்கத்தான் செய்யுது. ஆனா நான் கேட்டதுக்கு அவர் எதையும் மழுப்பலை" என்றாள். என் மனைவி அழுதாள். நான் ஒரு வாரம் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு பத்திரிகை அடிக்கக் கொடுத்தேன்.

கல்யாணம் முடிந்து நான்கு வருடம் ஆகிறது. மாப்பிள்ளை கடை உண்டு, வீடு உண்டு என்று இருக்கிறார். மதுரை டாக்டரைப் பார்க்கப் போகும்போது என் மகளும் கூடப் போகிறாள். கஞ்சாவைக் கடையில் விற்கலாமா என்று கேட்டால் இன்றைக்கும் கூடவே கூடாது என்பேன். ஆனால் அதில் மாட்டிய பிள்ளைகளை யாராவது இளக்காரமாகப் பேசினால் சண்டைக்குப் போய்விடுகிறேன்.

அன்று சம்மந்தி வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் எங்களுக்கு எப்படித் தெரியும்? பின்னால் எவனோ ஒருவன் சொல்லி என் மகள் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருப்பாள்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. அந்த மனுஷனுக்கு நன்றி சொல்லாமல் இருப்பது பெரிய பாவமாகப் பட்டது. போன மாதம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியே விட்டேன்.

அவர் கையை விடுவித்துக்கொண்டார். "எனக்கு எதுக்கு சம்மந்தி நன்றி? ஒங்க பேச்சைக் கேட்டுட்டு, சொல்லிட்டுத்தான் தாலி கட்டுவேன்னு ஒத்தக்கால்ல நின்னது ஒங்க மருமகன். சொல்லாதடா, சம்பந்தம் போயிரும்னு நான் அவன் காலைப் புடிச்சு அழுதேன்."