கேலாங் பூஜைத் தட்டில் ஒரு ஸ்பெயின் சிங்கம்

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து நான்கு மணி நேரப் பயணம். பக்கத்து இருக்கைக்காரர் அத்தனை நேரமும் என் தோளில்தான் தூங்கினார். சிங்கப்பூருக்கு வருகிறவர்கள் பார்க்கிற எதையும் பார்க்க நான் வரவில்லை. கல்லூரித் தோழன் அருள்ராஜிடம் இருக்கும் இரண்டு ஸ்பெயின் நாட்டுச் சிங்கங்களைப் பார்க்க வந்தேன். பழைய உலோகச் சாமான்களைப் பற்றி எழுதுவது என் தொழில். படத்தில் பார்த்ததைக் கையில் எடுத்துப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

அருளின் வீடு தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடியில். மனைவி காலமான பிறகு தனியாக இருக்கிறான். குளித்துவிட்டு வந்ததும் பருத்திக் கையுறை ஒன்றை நீட்டினான். அதை மாட்டாமல் சிங்கத்தைத் தொட விடமாட்டானாம். கப்பல் வேலையில் இருந்த காலத்தில் மணிலாவில் வாங்கியது. ஒரு சாண் உயரம், வெண்கல வார்ப்பு, அதன்மேல் பாதரசத்தோடு குழைத்து நெருப்பில் ஏற்றிய தங்கம். தலையில் கிரீடம், வெளியே நீண்ட நாக்கு, முன்னங்காலடியில் கோட்டை பொறித்த கேடயம். ஏதோ ஒரு பிரபு வீட்டுச் சின்னம். தங்கம் மங்கி, கருந்தேன் நிறத்துக்கு வந்திருந்தது. அழகென்றால் அப்படி ஓர் அழகு. ஆனால் இவை ஒன்றையொன்று பார்த்து நிற்கும் ஜோடி. இங்கே ஒன்றுதான் இருந்தது.

“இன்னொண்ணு எங்கடா?”

“செலின்கிட்ட இருக்கு.”

செலின் அவனுடைய ஒரே மகள். போன வருஷம் கார்த்திக் என்ற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் இந்து. தேவாலயத்தில்தான் கல்யாணம் என்று பிடிவாதம் பிடித்த அருள் அந்தப் பக்கமே போகவில்லை. ‘உனக்கொன்று, எனக்கொன்று’ என்று அவளது சின்ன வயதிலிருந்தே அவன் சொல்லி வைத்திருந்த சிங்கத்தை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது.

“நீ போயி அத வாங்கிட்டு வந்துடு. ஜோடியப் பிரிக்கக்கூடாது,” என்றான்.

“வாங்கிட்டு வந்தா அப்புறம் அவ இந்த வாசப்படி மிதிக்க மாட்டா. யோசிச்சுக்க.”

கையுறையைத் திருப்பி வாங்கிக்கொண்டான். அவனுக்கு வீம்பு, எனக்கு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆசை. ஒப்புக்கொண்டேன்.

புதன்கிழமை லிட்டில் இந்தியாவில் ரயிலேறி, பூகிஸில் மாறி, கேலாங் பகுதியிலுள்ள அல்ஜூனிட்டில் இறங்கினேன். சிவன் கோவிலைத் தாண்டி நடந்தால் செலின் வீடு. கதவைத் திறந்தது அவள் மாமியார்.

“வாங்க வாங்க, கோப்பி குடிக்கிறீங்களா?”

சிங்கம் பூஜைத் தட்டில் இருந்தது. நெற்றியில் குங்குமம், கிரீடத்தில் மல்லிகை. முகம் புதுப் பித்தளைக் குடம்போலப் பளபளத்தது. பிடரி மயிரின் பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் தங்கம் ஒட்டிக்கொண்டிருந்தது.

“மருமக வீட்டுலேர்ந்து வந்தது,” என்றார் அந்த அம்மாள் பெருமையோடு. “வந்தப்ப ஒரே கறுப்பு. அம்மனோட வாகனம்ல, அப்படியே விடலாமா? வாராவாரம் வியாழக்கிழம குத்துவிளக்கோட சேத்துப் புளி போட்டுத் துலக்கிடுவேன்.”

கிளம்பும்போது செலின் என்னோடு லிஃப்ட் வரை வந்தாள். கோபத்தை அடக்க முடியாமல் கேட்டேன்: “புளி போட்டுத் தேய்ச்சா தங்கம் போயிடும்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அங்கிள்,” என்றாள். “எங்க வீட்டுலேர்ந்து வந்த ஒரு பொருள அவங்க சாமி பக்கத்துல வச்சு, பூ வைக்கிறாங்க. அத நான் எப்படி வேணாம்னு சொல்றது? அப்பாவுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கையை நீட்ட எனக்கு மனம் வரவில்லை.

வெறுங்கையோடு திரும்பி, புளி உட்பட எல்லாவற்றையும் அருளிடம் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். “தங்கம் போயிடுச்சா?” என்று மட்டும் கேட்டான். பிறகு, “பூவெல்லாம் வைக்கிறாங்களா?” என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை.

வியாழன் மாலை ஐந்து மணிக்கு நான் ஊருக்குக் கிளம்பும்போது அவனும் சட்டை மாட்டினான். டாக்சியில் அவன் மடியில் துண்டில் சுற்றிய ஒரு மூட்டை. “போற வழியில கேலாங்ல நிறுத்திக்கலாம்,” என்றான். டாக்சி ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “என்ன சார், பேபியா?” என்றார். “சிங்கம் லா,” என்றான் அருள் சிங்கப்பூர்ப் பாணியில். ஓட்டுநர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை.

டாக்சியைக் கீழே நிறுத்திவிட்டு மேலே போனோம். வீட்டில் தரையில் செய்தித்தாள் விரித்து, விளக்குகளும் புளிக் கிண்ணமுமாகச் சம்பந்தியம்மாள் உட்கார்ந்திருந்தார். செலின் அப்பாவைப் பார்த்ததும் அசையாமல் நின்றாள். அருள் மூட்டையை அவளிடம் நீட்டினான்.

“ஜோடியாவே இருக்கட்டும்மா.”

அவள் அழுதாள். மூட்டையை வாங்கிப் பிரித்த சம்பந்தியம்மாள், “அடடா, இதுவும் கறுத்துப்போய்க் கெடக்கே! இருங்க சம்பந்தி, ஒரு நிமிஷத்துல பளபளன்னு ஆக்கிடறேன்,” என்றார்.

“அத்தை, அது வேணாம்...” என்று செலின் பதறினாள்.

“விடும்மா,” என்றான் அருள். “துலக்கட்டும்.”

தங்கம் போகிறதே என்று எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஊரில் என் அலமாரியில் இருக்கும் எதையும் என் பிள்ளைகள்கூடத் தொட நான் விட்டதில்லை. அதை அன்றுவரை அக்கறை என்றே நினைத்திருந்தேன். விடைபெற்று வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். அருள் சட்டைக் கையை மடித்துவிட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தான். சம்பந்தியம்மாள் கிண்ணத்தை நகர்த்தி வைக்க, கரைத்த புளியை அள்ளிச் சிங்கத்தின் முகத்தில் அவனே பூசினான்.