கப்பல் முழுக்கக் கமலம்மா

எதிர்க்கரை பாம்பூஃப்ளாட்டிலிருந்து காலை ஒன்பது மணிப் படகில் அலுவலகம் வருபவர் ஜெயமணி. போன செவ்வாய்க்கிழமை அவருக்குப் பதில் அவர் கணவரின் போன் வந்தது. "ஜெயமணி போயிட்டா குமார். ஹார்ட் அட்டாக்." அலுவலகத்தில் அன்று யாரும் டீ குடிக்கவில்லை.

கப்பல் டிக்கெட் மென்பொருள் எழுதும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பயணிகளின் பெயர்களை எடுத்துக் கொடுக்கும் பைதான் ஸ்கிரிப்ட் என் பொறுப்பு. அவற்றை வாங்கிப் பட்டியலாக அச்சிடும் பழைய சி நிரல் ஜெயமணியின் பொறுப்பு. நான் சேர்ந்த முதல் நாளே சொன்னார்: "எங்க பக்கம் பேர வாங்கிக்காது குமார். பேர் இருக்கிற எடத்த மட்டும் குறிச்சுக்கும். பிரிண்ட் முடியிற வரைக்கும் அந்த எடத்துல கைய வச்சுராதீங்க."

நான் மகா புத்திசாலி. நினைவகத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, ஒரே இடத்தில் ஒரு பெயரை அழித்து அடுத்ததை எழுதினேன். அச்சிடும் நேரத்தில் அங்கே இருந்தது கடைசிப் பெயர்தான். கார் நிக்கோபார் கப்பலுக்கு வரிசை நின்றுகொண்டிருந்தது; பட்டியலில் ஒவ்வொரு வரியிலும் கமலம்மா. வரிசைக் கடைசியில் நின்ற அசல் கமலம்மா அதை எட்டிப் பார்த்து, "பூரா ஜஹாஸ் மேரா ஹை க்யா?" என்றார். முழுக் கப்பலும் தனக்கா என்று அவர் கேட்டதில் வரிசையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் ஆறு மாத ஒப்பந்தம் அந்த வாரம் முடிய இருந்தது.

"யார் பக்கத் தப்பு?" என்றார் மேலாளர்.

நான் வாயைத் திறப்பதற்குள் ஜெயமணி சொல்லிவிட்டார்: "எம் பக்கந்தான் சார். அரை மணி குடுங்க."

பெயர் வந்தவுடன் தன் பக்கமே ஒரு நகல் எடுத்து வைக்கும்படி சில வரிகள் சேர்த்தார். கப்பல் கிளம்பியது. அவருக்கு மெமோ வந்தது, எனக்கு ஒப்பந்தம் நீண்டது. நன்றி சொல்லப் போனால், "என்னாத்துக்கு? மொதல்ல சாப்புடுங்க," என்று டிபன் டப்பாவை நகர்த்தினார். அவருடையது மலையகத் தோட்டத்திலிருந்து கச்சால் தீவுக்கு வந்து குடியேறிய குடும்பம். டப்பாவில் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் இல்லாத நாளே கிடையாது. வரிக்கு வரி கமலம்மா நிறைந்த அந்தப் பட்டியலைத் தன் மேஜைக்கு மேலே ஒட்டி வைத்துக்கொண்டார். மனம் சோர்ந்த நாட்களில் அதை அண்ணாந்து பார்த்து, "கமலம்மா சௌக்கியமா?" என்று விசாரித்துவிட்டு வேலையைத் தொடங்குவார்.

ஆண்டுகள் ஓடின. தப்பு என்னுடையது என்று நான் யாரிடமும் சொல்லவே இல்லை. துக்கத்துக்குப் போன அன்று அவர் கணவரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் அழுத கண்ணோடு சிரித்தார். "தெரியும் தம்பி. அன்னிக்கே வந்து சொன்னா. குமார் கப்பல் முழுக்க ஒரே ஆள ஏத்திட்டாரு, நல்ல புள்ள, வேலை போயிரக் கூடாதுன்னு. சிரிச்சு சிரிச்சு எங்களுக்குச் சோறு எறங்கல."

அந்தப் பட்டியல் இப்போது என் மேஜைக்கு மேலே இருக்கிறது. பார்க்கிறவர்கள் கதை கேட்கிறார்கள். தப்பு என்னுடையது என்ற இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறேன்.