சாம்பல் தனி, குப்பை தனி

இன்று காலை குப்பை வண்டிப் பெண் என் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் அந்த வண்டியில் பச்சைத் தொட்டி ஒன்று, நீலத் தொட்டி ஒன்று. என் பையில் முருங்கைக்காய்ச் சக்கையோடு மாத்திரை அட்டையும் கிடந்ததாம். "பிரிச்சு எடுத்துட்டு வாங்க பாட்டிம்மா" என்றாள். மருமகளுக்குக் கோபம், எனக்கோ சிரிப்பு. ராயபுரத்தில் வாழ்க்கைப்பட்ட முதல் வருஷமே இந்தப் 'பிரிச்சு எடுத்துட்டு வா' பாட்டைக் கேட்டுப் பழகியவள் நான்.

அப்போது மாட்டு வண்டி. மணிச் சத்தம் கேட்ட பிறகுதான் கூடையோடு வாசலுக்கு வரவேண்டும். முன்னாலேயே வைத்தால் காக்காய் மீன் செதிலைத் தெருவெல்லாம் இழுத்துப் போடும். தாமதித்தால் வண்டி போய்விடும். எல்லாவற்றுக்கும் மேலே சாம்பல் சட்டம். அடுப்புச் சாம்பலை ஆறவைத்துத் தனியாகத் தரவேண்டும். எந்த வீட்டுத் தணலோ ஒருமுறை வண்டிப் பலகையைப் பொசுக்கிவிட்டதாம். அதிலிருந்து வண்டிக்கார நரசையா கொக்கிக் கம்பியால் கிளறாமல் எந்தக் கூடையையும் வாங்கமாட்டார். கிழிந்த துணி, உடைந்த வளையல் எல்லாம் தெரு பார்க்க வெளியே வரும். புதுப்பெண்ணுக்கு எப்படி இருக்கும், சொல்லுங்கள்? "பெரிய கலெக்டரு" என்று முணுமுணுப்பேன். அவர் தண்ணீர் கேட்டால் டம்ளர் தராமல், அவர் கையில் தூக்கித்தான் ஊற்றுவோம். அப்படித்தான் இருந்தோம், சொல்ல வெட்கமாக இருக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு வெள்ளையடிக்கப் படங்களைக் கழற்றியபோது, திரு இருதயப் படத்துக்குப் பின்னாலிருந்து கரேலென்று ஏதோ விழுந்தது. ரயில் புகையும் துறைமுகத்து நிலக்கரித் தூசியும் சோற்றுப் பானை வரைக்கும் வரும் ஊர் அது. துடைப்பக்குச்சி என்று நினைத்துக் கூட்டித் தள்ளிவிட்டேன்.

மறுநாள் காலை நரசையா என் கூடையைக் கிளறி வண்டியில் கொட்டி முடிக்கவும், என் மாமியாரான அத்தை அந்தப் படத்தோடு வாசலுக்கு வரவும் சரியாக இருந்தது.

"இதுக்குப் பின்னால இருந்த ஓலச் சிலுவ எங்கடி? உங்க மாமா பின்னினது."

குருத்தோலை ஞாயிறன்று கோயிலில் மந்திரித்துத் தரும் ஓலையை எங்களவர் காலில் படவிடமாட்டார்கள். அடுத்த வருஷம் கோயிலிலேயே கொடுத்து, எரித்து, விபூதிப் புதனுக்குச் சாம்பலாக்குவார்கள். அத்தை மட்டும் அந்த ஒன்றைக் கொடுக்கவில்லை. மாமா சாவதற்கு முன் பின்னிய கடைசி ஓலை அது. துடைப்பக்குச்சி என்று நான் கூட்டித் தள்ளியது அதைத்தான். கொட்டியாகிவிட்டதே!

நரசையா அத்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வண்டிப் பக்கம் திரும்பி நின்றார். பிறகு கூடையில் கொஞ்சம் குப்பையோடு என்னிடமே நீட்டினார்.

"இன்னாம்மா, சாம்பலு கலந்து கீது. எத்தினி வாட்டி சொல்றது? எட்த்துகினு போய் பிரிச்சுகினு வா."

அத்தைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "போட்ட குப்பையத் திருப்பிக் குடுக்குறியா? உன் ரூல்ஸ கொண்டுபோய்க் கடல்ல போடு! பேஜாரா போச்சு உன்னோட!" அவர் கொக்கிக் கம்பியை வண்டியில் செருகினார். நான் கூடையைக் கொல்லையில் கவிழ்த்தேன். மீன் செதிலுக்கு நடுவே சிலுவை கிடந்தது.

துடைத்து, தூசி தட்ட எடுத்து வைத்ததாகப் பொய் சொல்லிக் கொடுத்தேன். அத்தை அதை முத்தமிட்டுவிட்டு மறுபடியும் நரசையாவைத் திட்டப் போனார்.

சிலுவை எப்படிக் கூடைக்குத் திரும்பியது என்று அடுத்த நாள் நரசையாவிடம் ரகசியமாகக் கேட்டேன். "உங்காளுங்க ஓலைய குப்பைல போட மாட்டாங்களே. கெளறும்போதே பாத்தேன், தனியா வெச்சேன்" என்றார். நேரே கொடுத்திருக்கலாமே என்றதற்கு, "மாமியா முன்னால குட்த்தா உன்ன சொம்மா வுடுமா அது?" என்று மாட்டைத் தட்டினார்.

மணி போயிற்று, மாடு போயிற்று, கரித்தூசியும் போயிற்று. அத்தையை அந்தச் சிலுவையோடுதான் அடக்கம் செய்தோம். சாகும்வரை நரசையாவைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார். நானும் உண்மையைச் சொல்லவில்லை. நரசையா வாங்கியதெல்லாம் எனக்குச் சேரவேண்டிய திட்டு.

இன்று காலையில் மருமகள் அந்த வண்டிப் பெண்ணைத் திட்ட வாயெடுத்தாள். "அந்தப் பொண்ண ஒண்ணும் சொல்லாத" என்று சொல்லி, பையை நானே உள்ளே எடுத்துவந்தேன்.